கொல்லி காவலனும் மாற்றுச் சாவியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசிப் புனர்பூசம் குலசேகராழ்வார் திருவவதரித்த நன்னாள். அவர் அருளிய பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களை அநுஸந்திக்கும்போதெல்லாம், இரண்டாம் பதிகத்தின் பலச்ருதியில் ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் நம் நெஞ்சு சற்றே நின்றுவிடும். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் அம்மலையில் நாம் பலமுறை ஏறி இறங்கியதுண்டு.

ஒருமுறை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பெரக்கரை நாட்டில் ஒரு குடியானவரின் நிலத்தைப் பார்வையிடச் சென்றோம். சாமை விளைந்த நிலம் முழுவதிலும் மிளகுக்கொடி நட்டிருந்தார். கொடி பலன் தர மூன்று ஆண்டுகளாவது ஆகுமே, அதுவரை பாதி நிலத்தில் சாமையே இருக்கட்டும் என்றோம். கடன் கொடுப்பவனுக்கு அது சரியான யோசனைதான். அவரோ சிரித்தார். "இங்க பாதி அங்க பாதின்னா ரெண்டு பக்கமும் மனசு நிக்காதுங்க சார்" என்றார்.

அந்த மலைக்குக் காவலரான ஆழ்வாரின் சரிதத்தைக் குருபரம்பரை கூறும். அரசர் பாகவதர்களோடே பொழுது போக்குவது பொறாத மந்திரிகள், திருவாராதனப் பெருமாளின் ஆரத்தை மறைத்துவிட்டுப் பழியை அடியார்கள் மேல் சுமத்தினர். நகை குறைந்தால் விசாரணை வைப்பதே நாம் அறிந்த முறை. ஆழ்வார் விசாரிக்கவில்லை. குடத்தில் பாம்பை இட்டுக் கொணரச் சொல்லி, அடியார்கள் எடுத்திரார் என்று சபதம் செய்து, அதனுள் கையை இட்டார். பாம்பு தீண்டவில்லை, மந்திரிகள் நாணி ஆரத்தைத் திருப்பித் தந்தனர். முடிவு தெரிந்த நமக்கு இது எளிதாகத் தோன்றும். கை குடத்துள் இறங்கிய அந்தக் கணத்தில் ஆழ்வாரிடம் இருந்தது விச்வாசம் ஒன்றே. பின்னர் அவர் மகனுக்கு முடிசூட்டித் திருவரங்கம் புறப்பட்டார்.

சரணாகதியின் அங்கங்களுள் மஹாவிச்வாசத்தைப் பேசுமிடத்தில் நம் ஆசார்யர்கள் ப்ரஹ்மாஸ்த்ரத்தை எடுத்துக்காட்டுவர். இந்திரஜித் திருவடியை அந்த அஸ்த்ரத்தால் கட்டினான். அது போதாதென்று அரக்கர்கள் சணற்கயிற்றாலும் மரவுரியாலும் கட்டினர். உடனே அஸ்த்ரம் தானே நழுவிற்று. மற்றொரு கட்டை அது பொறுப்பதில்லை. அரக்கர்கள் செய்த தவறு அஸ்த்ரத்தை வெறுத்ததன்று, கூடுதல் பாதுகாப்புத் தேடியதே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடனுக்கு ஈடும், ஈட்டின்மேல் ஜாமீனும் கேட்டுப் பழகிய நமக்கு இவ்விடம் சுடும்.

ஓய்வுபெற்றதும் திருவரங்கத்திலேயே குடியிருந்து கைங்கர்யம் செய்வதென்று ஸங்கல்பித்தோம். அங்கே ஒரு சிறு வாடகை வீடும் அமைந்தது. ஆயினும் நான்காண்டுகளாக மாதம் மூன்று நாள் தங்கி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒருவேளை உடல் ஒத்துழைக்காவிடில், ஒருவேளை பிள்ளைகள் வந்தால் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. முதற்பதிகத்தில் அரங்கனை என்று காண்பேன் என்று ஆழ்வார் ஏங்குவதைச் சேவிப்போம். சேவித்த கையோடு திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்வோம்.

சென்ற மாதம் ஊர் வீட்டை வேறொரு குடும்பத்திற்கு விட்டுச் சாவிகளை ஒப்படைத்தோம். வாயிற்கதவின் மாற்றுச் சாவியை மட்டும் நாம் பையில் எடுத்து வைத்ததை இல்லாள் பார்த்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. திருவரங்கம் வந்து இரண்டாம் நாள், அதனையும் கூரியரில் அனுப்பிவிட்டு வந்து தளிகைக்குக் காய் நறுக்க உட்கார்ந்தோம்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.