அன்னம்மாளின் பாடசாலை



இளவாலையில் கோயில் புனித அன்னம்மாளின் பெயரால் விளங்குகிறது. பாடசாலையோ புனித ஹென்றியரசரின் பெயரைத் தாங்குகிறது. ஒருவர் தாய், மற்றவர் அரசர். பிள்ளையின் கல்வியில் இவ்விருவருக்கும் உள்ள பங்கைச் சற்றுச் சிந்திப்போம்.

அமலமரித் தியாகிகள் 1847இல் யாழ்ப்பாணம் வந்தனர். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்து பெண் கல்வியைக் கையேற்றனர். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலை வேண்டுமென்று 1860களில் பொஞ்சீன் ஆண்டகை அரசுடன் எழுத்தால் வாதாடினார். 1870 அளவில் மிஷன் பாடசாலைகளுக்கு அரசின் உதவிப்பணம் கிடைக்கலாயிற்று. அந்த விதையின் விளைவாகவே, ஹென்றி யூலன் ஆண்டகையின் காலத்தில், 1907இல் இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி எழுந்தது.

பின்பு வந்தது 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகம் அரசின் கைக்கு மாறியது. தெற்கிலே பெற்றோர் பாடசாலைகளுக்குள் இரவு பகலாகத் தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். இலவசக் கல்வியால் ஏழைப் பிள்ளைகள் அடைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அன்று நம் முன்னோர் அழுதது கட்டடத்துக்காகவா? அல்ல, பிள்ளையின் விசுவாசத்துக்காக.

போர் வந்தது. 1990இலும் 1995இலும் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு நடந்தார்கள். பாடசாலையைத் தோளில் சுமக்க முடியவில்லை. செபமாலையையும், தாய் சொல்லிக்கொடுத்த செபத்தையும் மாத்திரம் சுமந்தார்கள். அவற்றை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை, எந்தக் குண்டும் தகர்க்கவில்லை.

பெற்றோரே, இன்று உங்களை ஒன்று கேட்கிறோம். ஞாயிறு காலை உங்கள் பிள்ளை எங்கே? மறைக்கல்வி வகுப்பிலா, ரியூசன் கொட்டிலிலா? அரசு எடுத்ததற்கு அன்று அழுதோம். நாமே கைவிடுவதற்கு யார் அழுவது?

அன்னம்மாள் சிறுமி மரியாளை மடியருகே நிறுத்தி வாசிக்கப் பழக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும் இறைவனின் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரம் பணிப்பதும் பெற்றோரையே.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று ஒதுக்கிய தாய்மார் நம்மிடையே வாழ்ந்தார்கள். அதுபோல் ஒவ்வொரு மாலையும் கால் மணி நேரத்தைப் பிள்ளையின் ஞானக் கல்விக்கு ஒதுக்கிவையுங்கள். அரசரின் பாடசாலை கைமாறலாம். அன்னம்மாளின் பாடசாலை உங்கள் கையிலேயே இருக்கிறது. அதன் கதவைச் சாத்திவிடாதீர்கள்.