நோய் யாருடைய பொறுப்பு?

மஹல்லாவில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்பது ஒன்று. "உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்" என்பது மற்றொன்று. முதலாவது ஈமானிலிருந்து வரும் சொல். இரண்டாவதிலும் சில சமயம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து, அண்டை வீட்டாராகிய நம்மைக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகின்றன. இது சரிதானா?

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882-ல் கண்டறிந்து அறிவித்தார். கிருமியின்றி இந்நோய் இல்லை. ஆயினும் அக்கிருமி உடலில் புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோயாளிகளாகின்றனர். மற்றவர்களிடம் அது அடங்கிக் கிடக்கிறது. அந்தச் சிலர் யார்? நீரிழிவு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள்; நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறாரச் சாப்பிட வழியற்றவர்கள். காற்றோட்டமில்லாத ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் கிருமி பரவுவதும் எளிது.

சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அதனால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவரை வீட்டைவிட்டு ஒதுக்கத் தேவையில்லை என்பது அன்றே தெளிவாயிற்று.

சரி, நோயாளியை மருந்து குணப்படுத்தும். அதே வீட்டில் அடுத்தவர் படுக்கையில் விழாமல் காப்பது எது? ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் இதை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும், உடன் வாழும் பெரியவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரைகள் என ஆறு மாதம் கொடுத்தார்கள். அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது!

நாட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள முடியாது. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டு வழியிலேயே திரும்பிய உமர் (ரலி) அவர்கள், தாம் ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கம் தந்தார்கள். தடுக்க வழியிருந்தும் வாளாவிருப்பது தவக்குல் ஆகாது.

ஆகவே நலம் விசாரிக்கச் செல்லும்போது, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, துஆச் செய்துவிட்டு எழுந்து வருவது போதாது. வேலைக்குப் போகாத நாட்களில் அடுப்பு எப்படி எரிகிறது? பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்தாயிற்றா? பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகுமென்று அஞ்சி நோயை மறைக்கிறார்களா? அந்த அச்சத்தை அவர்களுக்குத் தந்தது நாமல்லவா? ரமலானில் ஒரு முறை அரிசி வழங்குகிறோம். இந்நோய்க்கான மருத்துவமோ பொதுவாக ஆறு மாதம். அத்தனை மாதமும் ஒரு வீட்டின் அரிசியை ஜமாஅத் ஏற்றுக்கொள்ள முடியாதா?

நோயாளியை விசாரிக்காததையும் பசித்தவனுக்கு உணவளிக்காததையும் மறுமையின் கேள்விகளாக ஒரே ஹதீஸ் அடுத்தடுத்து வைக்கிறது. அவ்விரண்டும் பல நேரங்களில் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.