ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுப்பங்கரைச் சட்டம். ஒரே நீரில், ஒரே கொதியில் வேகிற அரிசிக்கு அது பொருந்தும். எல்லாப் பானைக்கும் பொருந்துமா? 2018-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் எழுந்த வழக்கு ஏறக்குறைய இதுதான்.

கம்ப்யூட்டருக்கு மூளை போன்ற பிராசஸரைச் செய்யும் பெரிய கம்பெனி இன்டெல். பத்து நானோமீட்டர் என்ற புதிய முறையில் செய்த பிராசஸர் 2017-ன் பிற்பாதியில் வரும் என்று 2015-ல் அது தவணை சொல்லிற்று. 2018 ஜனவரியில், சென்ற ஆண்டே அனுப்பத் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. ஏப்ரலிலோ, இப்போது சிறு அளவில்தான் போகிறது, பெருவாரியான உற்பத்தி 2019-ல்தான் என்றது. மே மாதம் சீனாவில் ஒரு லெனோவோ மடிக்கணினியில் அந்தப் பிராசஸர் தலைகாட்டிற்று, படம் காட்டும் பகுதி முடக்கப்பட்ட நிலையில்.

சரக்குக் கடைக்கே வந்துவிட்டதே, இனி என்ன சந்தேகம் என்றார்கள் முதல் போட்டவர்களில் ஒரு சாரார். கடைக்கு வந்ததாலேயே தொழிற்சாலை தயாராகிவிடுமா என்றார்கள் மறு சாரார். பங்கை வைத்திருந்தவனுக்கு ஒரு சிப்பே சாட்சி. பங்கு விழும் என்று பந்தயம் கட்டியவனுக்கு ஆயிரம் சிப்பும் போதாது.

இங்கே அடுப்பங்கரைச் சட்டம் செல்லாது. ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகளை ஒருசேர உருவாக்குகிறார்கள். ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்திலிருப்பது பழுதாகியிருக்கும். ஒன்று வேலை செய்தால், செய்ய முடியும் என்று மட்டுமே அர்த்தம். நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. அந்தக் கணக்கைக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

அனுப்பிவிட்டோம் என்றது பொய்யல்ல. ஆனால் சொல் பொய்யில்லாதிருந்தால் போதுமா? அசுவத்தாமா இறந்தான் என்று தருமபுத்திரர் சொன்னதும் பொய்யல்ல, அந்தப் பெயருடைய யானை இறந்துதான் கிடந்தது. ஆயினும், நாலங்குலம் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியதாகப் பாரதம் கூறுகிறது. அவ்வளவு பெரிய குற்றத்தை இன்டெல்மீது சுமத்த நான் வரவில்லை. சிறு அளவுதான் என்று அதுவே சொன்னதைக் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

எந்த அர்த்தத்தில் தயார் என்று கேட்பது பணம் போடுகிறவன் கடமை. எந்த அர்த்தத்தில் என்று கேளாமலே சொல்வது விற்பவன் கடமை. ஆனால் இவ்விரண்டு கடமையும் சரிபாதியல்ல. பானைக்குள் இருப்பது ஒருவனுக்குத் தெரியும். மற்றவனுக்கு மூடிதான் தெரிகிறது.

2019-ல் அந்த முறையில் செய்த பிராசஸர்கள் மடிக்கணினிகளில் தாராளமாகவே வந்தன. சொன்னது பலித்ததல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் பலித்த சொல், சொன்ன நாளில் உண்மையாக இருந்தது என்றாகிவிடுமா? அந்தச் சொல்லை நம்பிச் சேமிப்பைப் போட்டுவிட்டு, இடைக்காலத்தில் விற்க நேர்ந்தவன் ஒருவன் இருந்தால், அவனிடம் கேட்டுப் பாருங்கள்.