மடற்பனையும் மலைக்குடி ஆசானும்

தகாத ஆசிரியனுக்கு உவமை கூறவந்த நன்னூலார், மடற்பனையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பாலக்காட்டு மண்ணில் வாழும் நமக்கு இதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. மட்டை களையாத பனையில் எவரும் ஏற இயலாது. பழம் தானே விழுந்தாலன்றிக் கீழே நிற்பவனுக்கு ஒன்றும் கிட்டாது. நிறைந்த கல்வி உண்டு, அணுகத்தான் வழியில்லை. ஆனால் அணுக முடியாமைக்குக் காரணம் ஆசிரியரின் செருக்கு ஒன்றுதானா? மலையும் காடும் மொழியும் குறுக்கே நிற்குமாயின், அம்மட்டைகளைக் களைய வேண்டியவர் யார்?

இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் என் நினைவுக்கு வருபவர், இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியிற் பணிபுரிந்த பி.கே. முரளீதரன் அவர்கள். மலைமக்கள் நாவில் அவர் ‘முரளி மாஷ்’. மூணாறுக்கு வடக்கே, வால்பாறை மலைகளை நோக்கிய அடர்காட்டில் சிதறிக் கிடக்கும் முதுவர் குடிகளின் தொகுதியே இடமலைக்குடி. 2010ஆம் ஆண்டில் அது கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. ஆயினும் அதன் உட்குடிகளிலிருந்து ஜீப் வரும் பெட்டிமுடிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நடக்க வேண்டிய நிலை அதன் பின்னரும் நீடித்தது. 2020 ஆகஸ்டில் மண்சரிவு நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வாரிக்கொண்ட அதே பெட்டிமுடிதான்.

முதுவரின் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. மதுரையிலிருந்து புறப்பட்டு, மீனாட்சியை முதுகிற் சுமந்து மலையேறினோம் என்பது அவர்கள் மரபுக் கதை. வீட்டில் ஒரு மொழி, பாடநூலில் வேறொரு மொழி என்னும் இடர் எத்தகையது என்பதை எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பத்தாராகிய நாம் நன்கறிவோம். அத்தகைய பிள்ளைகளிடையே சென்று வாழ்ந்தவர் முரளி மாஷ். ஓராசிரியர் பள்ளி என்றால் எழுத்தறிவித்தலோடு பணி முடிவதில்லை. பிள்ளை வராத நாளில் குடிசை வாயில்வரை செல்லும் பணியும் அவரையே சாரும்.

அவரிடத்து நான் பெரிதும் வியப்பது இதுவன்று. இருப்புக்கல்லுக்குடியில் சிறு தேநீர்க் கடை நடத்திவந்த பி.வி. சின்னத்தம்பி அவர்களோடு சேர்ந்து, அக்கடையையே நூலகமாக்கினாரே, அதுதான்! அன்பர்கள் கொணர்ந்து தந்த நூல்கள் 160. இரு சாக்குப்பைகளே அவற்றுக்குப் பேழை. அன்று உறுப்பினர் கட்டணம் ஒருமுறை 25 ரூபாய். பின்னர்த் திங்களுக்கு 2 ரூபாய். காடேறிக் களைத்து வந்தோர்க்குப் பாலில்லாத் தேநீருக்குக் காசு கேட்டதில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய பின்னரே வெளியுலகம் இதனை அறிந்தது. அப்பொழுது சின்னத்தம்பிக்கு வயது 73. எழுபதைக் கடந்த அம்முதியவர், யார் எந்நூலை எடுத்துச் சென்றார் என்று பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்து வந்தார். 2013இல் வெளிச்சென்ற நூல்கள் 37. நம் நகரத்து நூலகங்களில், கையிருப்பில் நான்கிலொரு பங்கு ஓராண்டில் வாசகர் கைக்குச் செல்கிறதா என்று யாரேனும் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

அந்நூலகத்தை ஆசிரியர் தம் பள்ளியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாமே வைத்திருக்கலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்வர், அதில் குற்றமுமில்லை. ஆனால் ஆசிரியர் மாறுவார், மூப்படைவார், பள்ளியும் மூடப்படலாம். ஊரார் கூடிப் பேசும் இடத்தில், ஊருக்குள் வாழும் ஒருவர் காக்கும் நூல் அவரை நம்பி நிற்பதன்று. தன் இன்றியமையாமையைத் தானே குறைத்துக்கொள்வது ஆசிரியத் தொழிலில் மிக அரிய துறவு என்பது என் துணிபு.

ஆசிரியப் பயிற்சியிற் சேர்ந்துள்ள என் தங்கை மகளிடம் இவ்வரலாற்றைக் கூறினேன். பொறுமையாகக் கேட்டவள், “மாமா, அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள்?” என்றாள்.

சற்றுத் திகைத்தேன். அவள் கேட்டது நேர்மையான வினா. அத்தகைய ஓராசிரியர் பள்ளிகளிற் பணிபுரிந்தோர் பெற்றது சிறு மதிப்பூதியமே. 2022இல் கேரள அரசு அப்பள்ளிகளை மூடியபோது, காடு கடந்து சென்று பல்லாண்டு கற்பித்தோருட் சிலர் பள்ளிகளிலேயே துப்புரவுப் பணியாளராயினர். எப்பணியும் இழிந்ததன்று, எனினும், கரும்பலகை முன் நின்றவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் தினத்தன்று அவர்தம் தியாகத்தை மேடையேறிப் பாடும் சமுதாயத்தை என்னென்பது? தியாகத்தைப் புகழ்வது, பாதையும் ஊதியமும் தர வேண்டியவர்க்குச் சில வேளை வசதியாகிவிடுகிறது. முரளி மாஷைப் போன்றோரை இளைஞர் முன் காட்டும் நாம் இதனை மறைத்துக் காட்டலாகாது.

இவ்வளவையும் அவளிடம் கூறினேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் நா எழவில்லை. அவளோ வேறொன்று கேட்டாள்: அந்தச் சாக்குப்பையில் என்னென்ன நூல்கள் இருந்தன? பஷீர் இருந்தார், எம்.டி. இருந்தார் என்றேன். சிலப்பதிகாரமும் இருந்தது, மலையாள மொழிபெயர்ப்பில். மதுரையிலிருந்து வந்தோம் என்னும் மக்களிடம் மதுரை எரிந்த கதை அவ்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

“தமிழிலேயே ஒன்று அனுப்பலாமே, மாமா” என்றாள்.