நாணமும் அருவருப்பும்

மனிதர் உடம்பெடுத்து வாழுங்காறும், உண்டலும் உறங்கலும் போல மலசல மோசனமும் அவர்க்கு ஒழிக்கலாகாத கருமமாம். சைவர் நாடோறுஞ் செய்யும் நித்திய கருமங்களைக் கூறப்புகுந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், தமது சைவ வினாவிடையிலே இதனையும் விட்டுவிடாது, இதற்குரிய முறைமையை விதித்தருளினார்கள். சொல்லுதற்குக் கூசும் ஒரு செயலையும் அறநூல் தன் ஆட்சிக்குள் வைத்துக்கொண்டமைக்குக் காரணம் யாது? மறைவுஞ் சுத்தியும் மனிதருடைய மானத்துக்கு உறுப்பாவன என்பதே. ஆகவே, ஒருவர்க்கு மறைவிடம் மறுக்கப்படுமாயின், அவருடைய மானமும் உடன் மறுக்கப்பட்டதாம். இதனை மனத்திலே கொண்டு, இக்காலத்திலே பல தேசங்களில் வழக்காடப்படும் ஒரு வினாவை ஈண்டு ஆராய்வாம்.

பிறந்தபொழுது ஆணென்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்வோரும், பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழ்வோரும் உளர். முன்னவரைத் திருநங்கையர் என்றும், பின்னவரைத் திருநம்பியர் என்றும் இக்காலத்தார் வழங்குவர். புகையிரத நிலையம், வைத்தியசாலை, பாடசாலை முதலிய பொதுவிடங்களிலே ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் வகுத்த மலசலகூடங்களுள்ளும் உடைமாற்றும் அறைகளுள்ளும் இவர்கள் எதனுட் புகுதல் முறை? இதுவே அவ்வினா. நல்லறிவும் நற்சிந்தையும் உடையோரே இதிலே தம்முண் மாறுபடுகின்றனர். சைவ பாடசாலை ஆசிரியர்களுக்கு இது தூரத்து வழக்கன்று. தம்மைக் குறித்து இன்னதென்று சொல்ல அறியாத ஒரு பிள்ளை அவர்களுடைய வகுப்பிலேயே இருத்தல் கூடும்.

இத்தகையோர் உளர் என்பது மேனாட்டினின்றும் புதிதாக வந்த கொள்கை என்று சிலர் கருதுவர். இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்ஙனங் கருதார்கள். தொல்காப்பியனார் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைப் பாலீறுகளையே கொள்ளும் என்றும் விதித்தார். பவணந்தி முனிவர் பெயரியலிலே, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேட்டினை ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவதைப் பெண்பால் என்றும் வகுத்தார். இவ்விரண்டும் அஃறிணையை ஒத்து வருதலும் உண்டென்று அம்முனிவர் உடன்கூறியதை மறைத்தல் நேர்மையாகாது. இவர்களை நம்மோடு ஒருங்கு வைத்து நோக்கும் நோக்கமும், நமக்குப் புறம்பாக வைத்து நோக்கும் நோக்கமும் ஆகிய இரண்டும் தமிழர்பால் முன்னரே இருந்தன என்பதற்கு அச்சூத்திரமே சான்று. ஆயினும், இலக்கணம் பெயருக்கு விதி கூறுவதன்றி அறைக்கு விதி கூறுவதன்று. ஆதலால், அதனைக்கொண்டு மாத்திரம் இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

சித்தாந்தங் கூறுவது யாது? ஆன்மாவுக்கு ஆண் பெண் என்னும் பேதமில்லை. தனு கரண புவன போகங்கள் மாயையினின்றும் வினைக்கீடாகக் கூட்டப்படுவன. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் ஆண் பெண் முதலிய பகுப்புக்களைத் தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தின்பால் வைத்தே ஓதிற்று. முதல்வனைப் பெண்ணும் ஆணும் அலியுமாய் நின்றவன் எனத் திருவாசகம் துதிக்கின்றது. ஆகவே, பால் பற்றி ஓருயிரை இழிவென்று சைவர் சொல்லுதற்கு இடமில்லை. ஆன்மாவுக்குப் பேதமின்மையால் உடம்பு பற்றிய ஒழுங்குகள் எல்லாம் வேண்டா என்று கொள்ளுதலும் தவறாம். உடம்போடு கூடி நிற்குங்காறும் உடம்பின் நாணமும் உண்டு. அதனைப் பேணுதலும் ஆசாரமே. ஆதலின் சித்தாந்தம் இரு சாராருக்கும் எளிய விடை தரவில்லை. இரு சாராருடைய நியாயங்களையும் கேட்கவேண்டியவர்களாயினோம்.

பெண்கள் கூறுவதை முதலிற் கேட்போம். பெண்களுக்குத் தனியிடம் என்பது எளிதிற் கிடைத்த பொருளன்று. அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் மாகாணம், தொழிற்சாலைகளிலே பெண்களுக்கு வேறாக மலசலகூடம் அமைக்கவேண்டும் என்று 1887ஆம் ஆண்டிலே சட்டம் விதித்தது. அத்தகைய இடம் இல்லாத காலத்துப் பெண்கள் வெளியே நெடுநேரம் தங்கித் தொழில் செய்தல் அரிதாயிற்று. தக்க இடமில்லாத பாடசாலைக்குப் பருவமடைந்த பெண்பிள்ளைகள் ஒழுங்காக வாராமையை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆண்களாற் பெண்களுக்கு விளையும் தீங்கும் கற்பனையன்று. ஆகவே, “எங்கள் இடத்தின் எல்லையை ஒருவருடைய வாய்ச்சொல் ஒன்றினாலே நெகிழ்த்துவீராயின், அவ்வெல்லை எம்மைக் காவாது” என்று அவர்கள் சொல்லும்பொழுது, அதனை வெறும் பகைமை என்று தள்ளிவிடுதல் அநீதியாம்.

இனி மற்றைச் சாரார் கூறுவதைக் கேட்போம். திருநங்கை ஒருவர் ஆண்களுடைய அறையுட் புகுந்தால் இகழ்ச்சிக்கும் அடிக்கும் ஆளாகின்றார். பெண்களுடைய அறையுட் புகுந்தால் துரத்தப்படுகின்றார். இரண்டிடத்தும் புகாதொழியின் நீர் பருகாது, வந்த உபாதையை அடக்கி, நோய்வாய்ப்படுகின்றார்; அன்றேல் வெளியே செல்லுதலையே ஒழிக்கின்றார். பெண்கள் எக்காரணத்தினாலே தனியிடம் வேண்டினரோ, அக்காரணமே இவர்களிடத்தும் உண்டு. மானத்தோடு வெளியே சென்று மீளவேண்டும் என்பதன்றி இவர்கள் கேட்பது வேறொன்றன்று.

அரசுகளும் நீதிமன்றங்களும் இதிலே ஒருவழிப்படவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர் தம்மை ஆண், பெண், மூன்றாம் பாலார் என்னும் மூவருள் எவராக உணர்கின்றாரோ அவ்வாறே ஏற்கப்படவேண்டும் என்று தீர்த்து, இவர்களுக்கு வேறாகப் பொது மலசலகூடங்கள் அமைக்கவும் அரசுகளைப் பணித்தது. அமெரிக்காவிலே வட கரோலினா மாகாணம், அரசாங்கக் கட்டடங்களிலும் பொதுப் பாடசாலைகளிலும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்திற் கண்ட பாலுக்குரிய அறையிலேயே புகவேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலே சட்டமியற்றி, பெருங் கண்டனம் எழ, 2017ஆம் ஆண்டிலே அவ்விதியை நீக்கியது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலே பெண் என்னுஞ் சொல் பிறப்பாற் பெண்ணாயினாரையே குறிக்கும் என ஒருமுகமாகத் தீர்த்தனர். அவ்வாறு தீர்த்த அந்நீதிமன்றமே, பால் மாறி வாழ்வோர்க்கு அச்சட்டம் வேறு வகையால் அளித்த காப்பு நீங்கவில்லை என்றும், தன் தீர்ப்பை ஒரு சாரார் மற்றொரு சாரார்மேற் கொண்ட வெற்றியாகக் கொள்ளுதல் கூடாது என்றும் எடுத்துரைத்தது. இலங்கையிலே 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தினால், வைத்தியர் வழங்கும் பால்நிலைச் சான்றிதழைக்கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வழியுண்டாயிற்று. சட்டம் தேசந்தோறும் வேறுபடும். அறத்தை நாம் ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியிலே நாம் முதற்கண் பிரித்தறியவேண்டியவை இரண்டு. ஒன்று நாணம், மற்றொன்று அருவருப்பு. இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்யும். ஆதலால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது. அவற்றைப் பிரித்தறியும் வழி யாதெனின், கூறுதும். நாணமாவது, “என் உடம்பைப் பிறர் காணலாகாது” என்பது. ஒரு சுவரும் ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் இருப்பின் அது பெரும்பாலும் அமைதியடையும். அருவருப்பாவது, “இவர் நான் இருக்கும் இடத்திலே இருக்கலாகாது” என்பது. அதற்கு எத்தனை சுவர் எழுப்பினும் போதாது. மற்றவரை வெளியேற்றினாலன்றி அது அடங்காது. நாணத்தைக் காத்தல் அறமாம். அருவருப்புக்கு அரணமைத்தல் அறமன்று.

இதனை நாம் பிறர் சரித்திரத்திலே தேடவேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலே ஒரு கிணற்றிலே அள்ளுதலும், ஒரு வாங்கிலே இருத்தலும், ஓராலயத்தினுள்ளே நின்று வழிபடுதலும் சாதி காரணமாகப் பலருக்கு மறுக்கப்பட்டன. சாதி பற்றிச் சமூகக் குறைபாடு விதித்தலைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசங் குறித்துப் போராட்டம் நிகழ்ந்தது. அன்று மறுத்தவர்கள் ஆசாரம் என்றும் சுத்தி என்றும் பெயர் கூறினர். கிணற்றிலே தண்ணீர் அள்ளுபவரால் எவருடைய மறைவும் கெட்டதில்லை. ஆதலால் அது அருவருப்பேயாம். ஆயினும், இதனையே உவமையாகக் கொண்டு, பெண்களுடைய மறுப்பு முழுவதும் சாதி மறுப்பை ஒத்ததே என்று முடிப்பாருளர். அதுவும் பொருந்தாது. என்னையெனின், உடம்பின் மறைவு கிணற்றிலே இல்லாத பொருள். உடைமாற்றும் அறையிலோ அதுவே தலைமையான பொருள். ஒவ்வொரு மறுப்பையும் தனித்தனி எடுத்து, இதிலே நாணம் எவ்வளவு, அருவருப்பு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தலே நடுநிலையாம்.

அங்ஙனம் நிறுத்துப் பார்க்கின், மலசலகூடத்தைப் பற்றிய வழக்கிலே பெரும்பகுதி கொத்தனாராலும் தச்சராலும் தீர்க்கத்தக்கதாதல் விளங்கும். நிலத்திலிருந்து முகடுமட்டும் சுவரும், இடைவெளியில்லாத கதவும், உள்ளே தண்ணீரும் கைகழுவுந் தொட்டியும் உடைய தனியறைகளை அமைத்து, எவரும் ஒருவர்பின் ஒருவராகப் புகலாம் என்று விடின், அங்கே பெண்ணின் நாணமும் கெடாது. திருநங்கையின் மானமும் கெடாது. இவர்களுக்கென்றே பெயரெழுதிய அறை தம்மை ஊரார்க்குக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுவோர் உளர். எல்லார்க்கும் பொதுவாகிய தனியறையிலே அவ்வச்சத்துக்கு இடமில்லை. முதியோரும், துணையோடு வருஞ் சரீரக் குறைபாடுடையோரும், கைக்குழந்தையுடையோரும் அதனாற் பயன்பெறுவர்.

பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையே அளவுகோலாகக் கொள்ளின் யாது குற்றம் என்பாருமுளர். கொள்ளின், தாடியும் மீசையும் உடைய திருநம்பி பெண்களுடைய அறையுட் புகுதல் விதியாகும். அது அவ்விதி காக்கக் கருதிய நாணத்தையே கெடுக்கும். அன்றியும், வாயிலில் நின்று பத்திரம் பார்ப்பவர் யார்? குரல் தடித்த பெண்ணும், கூந்தல் குறைந்த பெண்ணும் அங்கே ஐயுறப்பட்டு அவமானமடைவர். பெண்வேடம் பூண்டு தீங்கு செய்யப் புகும் ஆடவனைத் தடுக்கவேண்டாவோ எனின், வேண்டும். அவன் செய்த தீங்கை முன்னிட்டு அவனை ஒறுக்க. அவன் பொருட்டு, தீங்கு செய்யாதார் அனைவரையும் குற்றவாளிகளாக வைத்தல் நீதியன்று.

சுவரினால் தீராத இடங்களும் சில உள. பலர் ஒருங்கே உடைமாற்றும் திறந்த மண்டபமும், ஆடவரால் அடியுண்டு அஞ்சி ஓடிவந்த பெண்கள் தங்கும் இல்லமும் அத்தகையன. ஆண்குரல் கேட்டமாத்திரத்தே நடுங்கும் ஒரு பெண்ணிடத்திலே, அந்நடுக்கத்தை அருவருப்பென்று கடிந்து பேசுதல் கொடுமையாம். இங்கே பெண்களுக்கு வேறிடம் வகுத்தலும், அவ்வாறே அடியுண்டு வந்த திருநங்கைக்கு வாயிலை அடைத்துவிடாது அவர்க்குமோர் இடம் வகுத்தலும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்தல் வேண்டும். இரண்டையும் ஒரே பொழுதிலே நிறைவேற்ற இயலாதவிடத்து எதனை முற்படுத்துவது என்பதிலே நல்லோர் இன்னும் மாறுபடுவர். அம்மாறுபாட்டை இழிசொல்லின்றிப் பேசுதல் நம் கடன்.

இத்தகைய வாழ்வு முன்வினைப் பயன், அதனை அவர் அநுபவித்தே தீரவேண்டும், நாம் இடையிற் புகுதல் எதற்கு என்று சைவருட் சிலர் கூறுவர். பிராரத்தம் என்பது நம் அனைவருடைய உடம்பையும் பற்றியதே. ஒருவருடையதை மாத்திரம் சுட்டி இகழுதற்கு நியாயமில்லை. அன்றியும், பிறருடைய பிராரத்தத்தைச் சாட்டாகக் கொண்டு அவரைத் துன்புறுத்துவோர் தமக்கு ஆகாமியத்தைத் தேடிக்கொள்கின்றனர். நோயாளியின் நோயும் வினைவழியே வந்ததெனினும், வைத்தியசாலையை மூடுக என்று எவருஞ் சொல்வதில்லையே.

இனி ஆசிரியர்கள் செய்யத்தக்கன சில கூறுவாம். பாடசாலையிலே காரணஞ் சொல்லாமலே எந்த மாணாக்கரும் புகத்தக்க தனியறை ஒன்றேனும் நல்ல கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உடையதாய் இருத்தல் வேண்டும். அதன் திறப்பைப் பலர் முன்னிலையிலே கேட்டு வாங்கும்படி வைத்தல், அறை இல்லாமையினுங் கொடிது. நடையையுங் குரலையுஞ் சுட்டி ஒரு பிள்ளையை இழிபெயரால் அழைத்தலை வகுப்பிலும் ஆசிரியர் அறையிலும் அறவே விலக்குதல் வேண்டும். ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை ஊராருக்குப் பரப்பலாகாது. அப்பிள்ளை இன்னார் என்று முடிவுசெய்து கொடுத்தலும் ஆசிரியர் தொழிலன்று. தாய் தந்தையரோடும் தக்க வைத்தியரோடும் கலந்து, காலத்துக்கும் பொறுமைக்கும் அதனை விடுதல் வேண்டும். பெண்பிள்ளைகள் தங்கள் கூச்சத்தை வெளியிடும்பொழுது, அதனையும் நகையாது கேட்டு ஆவன செய்தல் வேண்டும்.

காலையிலிருந்து பாடசாலை விடுமட்டும் ஒரு வாய் தண்ணீரும் பருகாதிருக்கும் பிள்ளை எவ்வகுப்பிலேனும் உண்டாயின், அதன் காரணத்தை அன்போடு அறிந்து நீக்குதல் அவ்வாசிரியருக்குச் சிவபுண்ணியமாம். பெரியோர் தம் வழக்கைப் பேசி முடிக்குமட்டும் அப்பிள்ளையின் உடம்பு காத்திராது. எவ்வுயிர்க்கும் உள்நின்றருளும் சிவபெருமானுடைய திருவருள் இதற்குத் துணைநிற்பதாக.