இருட்டுக்கு அஞ்சும் பிள்ளைக்கு

அய்யா உண்டு.

பிள்ளை உண்ண மறுத்தால், "பூச்சாண்டி வாரான்" என்கிறோம். உறங்க மறுத்தால், "பேய் பிடிச்சிட்டுப் போயிரும்" என்கிறோம். அந்த நேரத்துக்குப் பிள்ளை அடங்கிவிடும். நாம் விதைத்த அச்சமோ இரவில் முளைக்கும்.

அய்யா வைகுண்டர் பேய்களை எரித்தார் என்று, 1841-இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை சொல்லுகிறது. பேய்க்கு ஆடும் கோழியும் பலியிட்டு நடுங்கிக் கிடந்த மக்களை, பலியும் வேண்டாம் பயமும் வேண்டாம் என்று தலைநிமிரச் செய்தவர் அய்யா. அவர் எரித்ததை நாமே வீட்டுக்குள் அழைத்து வரலாமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களில் மின்சாரம் நின்றுபோனது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில், இருட்டில் மாடியில் ஒடுங்கியிருந்த ஏழு வயதுச் சிறுவன், வெள்ளம் வடிந்த பிறகும் விளக்கை அணைத்தால் அலறினான். "தண்ணி வருது ஆச்சி" என்பான். "ஆம்பளப் புள்ள பயப்படலாமா?" என்று தகப்பனார் அதட்டினார். அதனால் பயம் போகவில்லை. பயத்தை வெளியே சொல்லத்தான் பையன் பயந்தான்.

ஆச்சி அவனை நிழல்தாங்கலுக்கு அழைத்துப் போனார். பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் இருபுறமும் விளக்கும். பணிவிடைக்காரர் நாமம் இட்டார்.

"கண்ணாடியில யாரு தெரியுதா மக்கா?"

"நாந்தான் தெரியுதேன்."

"நெத்தியில?"

"நாமம்."

"அது சுடர் மாதிரி இருக்குல்லா? வீட்டு விளக்கு அணைஞ்சாலும் அது அணையாது."

அன்றிரவு ஆச்சி அவன் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போய், படி காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கச் செய்தார். விளக்கை எரியவிட்டு அருகில் இருந்தார். சில நாள் கழித்து விளக்கு அடுத்த அறைக்குப் போனது. பிறகு கதவு பாதி சாத்தப்பட்டது. இடையில் அவன் அழுது எழுந்த இரவுகளும் உண்டு, யாரும் திட்டவில்லை. தகப்பனாரும் அதட்டலை விட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

இப்போதும் மழை பெய்தால் "ஆச்சி" என்று கூப்பிடுவான். "இருக்கேன் மக்கா" என்று இருட்டிலிருந்து பதில் வரும். அவன் உறங்கிவிடுவான்.

மக்களே! "அய்யா உண்டு" என்று நாம் தினமும் சொல்லுகிறோம். உண்டு என்பதன் பொருளைப் பிள்ளை முதலில் கற்பது, கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்லும் குரலில்தான்.

ஆகவே பேய்க்கதை சொல்லி உறங்க வைக்காதீர்கள். பயந்த பிள்ளையைப் பரிகாசம் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டால் மந்திரவாதியிடம் போகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்குமுன் நெற்றியில் நாமம் இட்டு, சற்று நேரம் கூடவே இருங்கள்.

அய்யா உண்டு.