கல்லறையிலிருந்து வீட்டுக்கு



மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை இப்போது வாசிக்கக் கேட்டோம். கதரேனருடைய நாட்டில், கல்லறைகளுக்கு நடுவே ஒரு மனிதன். இரவென்றும் பகலென்றும் இல்லாமல் கதறுகிறான். கல்லை எடுத்துத் தன்னையே கீறிக்கொள்கிறான். இந்தப் பகுதி என்றாலே லேகியோனைப் பற்றியும், கடலில் பாய்ந்த பன்றிக்கூட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டு முடித்துவிடுவோம். நான் இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சங்கிலி. கட்டினார்கள், அறுத்தான், மறுபடியும் கட்டினார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயந்துபோனவர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நம்முடைய ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சங்கிலிக்கு மதம் கிடையாது. நம்முடைய ஜெபவீடுகளையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள்தான்.

இயேசு அந்த மனிதனைக் குணமாக்கினார். ஊர் திரண்டு வந்து பார்க்கிறது. உடுத்தியிருக்கிறான், தெளிந்த மனதோடு உட்கார்ந்திருக்கிறான். அதைக் கண்டுதான் அவர்கள் பயந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கட்டிவைக்க ஒருவன் இருந்தவரைக்கும் அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. இப்போது அவனோடு பேச வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு வழி தெரியவில்லை. இயேசுவையே ஊரைவிட்டுப் போகச்சொல்லிக் கெஞ்சுகிறார்கள்.

குணமானவனோ, உம்மோடு வருகிறேன் என்று மன்றாடுகிறான். வலைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று மீனவர்களை அழைத்தவர், இவனை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு அனுப்புகிறார். எந்த வீட்டுக்கு? அவனைக் கட்டிவைத்த அதே சனங்களிடத்துக்கு. ஏனென்றால் சுகம் இன்னும் முடியவில்லை. அவன் சுகமானான், அவனுடைய ஊர் இன்னும் சுகமாகவில்லை.

பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அயர்லாந்து தேசத்து இளவரசி டிம்ப்னா, மனைவியை இழந்து புத்தி பேதலித்த தகப்பனிடமிருந்து தப்பி அந்த ஊருக்கு ஓடிவந்தாள் என்றும், தேடிவந்த தகப்பனே அவளைக் கொன்றான் என்றும் ஐதீகம். மனம் நொந்தவர்களுக்கு அவள் பாதுகாவலி ஆனாள். 14-ஆம் நூற்றாண்டில் அவள் பெயரால் பெரிய ஆலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். தூரதேசங்களிலிருந்து மனநோயாளிகளை அழைத்துவந்தார்கள். ஆலயத்தை ஒட்டி அவர்கள் தங்க ஓர் அறை. அங்கே ஒன்பது நாள் ஜெபம். கூட்டம் பெருகி அறை கொள்ளாமல் போனபோது, குருமார்கள் அக்கம்பக்கத்து விவசாயிகளின் வீடுகளில் இடம் கேட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது. சுகம் கிடைத்தவர் ஊருக்குத் திரும்பினார். கிடைக்காதவர்? உனக்கு விசுவாசம் போதவில்லை என்று கீல் அவரைத் துரத்தவில்லை. எந்த வீட்டில் தங்கினாரோ அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்தக் குடும்பத்தோடு சாப்பிட்டார், வயலுக்குப் போனார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வீட்டுப் பெரியவர்கள் காலமானபின் மகனோ மகளோ அவரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டதும் உண்டு. 1930-களில் இப்படி 3,700-க்கும் மேற்பட்டவர்கள் கீல் ஊர்க் குடும்பங்களில் வாழ்ந்தார்கள். அற்புதங்களுக்காகப் பேர்போன தலங்கள் உலகத்தில் எத்தனையோ. அற்புதம் நடக்காதவர்களுக்கும் இடம் கொடுத்த தலம் என்பதால்தான் கீல் என் நெஞ்சில் நிற்கிறது.

அதை நான் புனிதப்படுத்திப் பேசவில்லை. குடும்பங்களுக்குப் பணம் கிடைத்தது. விவசாயிகளுக்கு வேலைக்கு ஆள் கிடைத்தது. 1850-இல் அரசு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் மருத்துவமனையும் வந்தது. வைத்தியர்களும் தாதியரும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். இன்றைக்கு எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டாலும் வழக்கம் அறுந்துபோகவில்லை.

வீட்டுச் சூழலைப் பற்றி மனநல அறிவியல் என்ன சொல்கிறது? லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களை 1950-களிலிருந்து ஆராய்ந்தார். யாருக்கு நோய் திரும்புகிறது, யாருக்குத் திரும்பவில்லை? எப்போதும் குறைசொல்லும் வீட்டுக்கும், வெறுப்போடு பேசும் வீட்டுக்கும் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகமாக இருந்தது. இன்னொன்றையும் அவரும் அவருடன் உழைத்தவர்களும் கண்டார்கள்: மூச்சுவிட இடமில்லாமல் பொத்திப்பொத்திக் காக்கும் பாசமும் அதே தீங்கைச் செய்கிறது. தாய்மார்களே, இது உங்கள்மேல் பழி அல்ல. குடும்பம் இந்த நோயை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வீட்டின் பேச்சும் முகமும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்கின்றன என்றுதான் சொல்லுகிறது.

வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, 1957-இல் தொடங்கியது. அங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு வீட்டார் கைகழுவிவிட்டுப் போக முடியாது. உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும், கோபம் வரும்போது எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியும் அவரும் கற்றுக்கொள்கிறார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டை ஆயத்தப்படுத்துகிற வேலை அது.

நம் சபைகளில் ஒரு பேச்சு உண்டு: மாத்திரை சாப்பிடுகிறவருக்கு விசுவாசம் இல்லை என்று. எத்தனை பேர் இந்த வார்த்தையைக் கேட்டு மருந்தை நிறுத்தி, மறுபடி இருட்டில் விழுந்திருக்கிறார்கள்! சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிற மூப்பரை யாரும் அப்படிக் கேட்பதில்லையே. சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டுப் படுத்த எலியாவைப் பாருங்கள். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தொட்டு எழுப்பி, சாப்பிடச்சொன்னான். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பாடு. கேள்வி கேட்டதெல்லாம் அதற்கப்புறம், வெகுதூரம் நடந்து ஓரேபுக்கு வந்துசேர்ந்த பிறகு. தூக்கத்தையும் ஆகாரத்தையும் கேட்டறிந்துதானே ஒரு நல்ல மனநல மருத்துவரும் தொடங்குகிறார்?

வீட்டுக்குப் போன அந்த மனிதன் தெக்கப்போலி நாடெங்கும் தனக்கு நடந்ததைச் சொன்னான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு மறுபடியும் அந்தப் பக்கம் வருகிறார். இந்தமுறை யாரும் அவரைப் போகச்சொல்லவில்லை. காது கேளாத, பேச்சும் தெளிவில்லாத ஒருவனைச் சனங்களே அவரிடம் கொண்டுவந்து, அவன்மேல் கைவைக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று வேதம் விவரிக்கவில்லை. அந்த மனிதன் அங்கே போய் வாழ்ந்தான் என்பதே காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, இந்த ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அங்கே போங்கள். என்ன வியாதி என்று கேட்காதீர்கள். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் நீங்கள் கூடப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; கட்டணம் இல்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தால், எழுந்து இடம் கொடுத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள். ஆராதனை நடுவே அவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனால், திரும்பிப் பார்க்காதீர்கள். அவருடைய இடத்தில் வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.